தூதன் சொன்ன முதல் வரி

பத்தொன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் சிஸ்டருக்கு, வேலை உத்தரவில் எழுதாத வேலை ஒன்று உண்டு. உள்ளே ஓர் உயிர் போய்விட்டால், வெளியே காத்திருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அது எப்படி அவள் தலையில் விழுந்தது என்றால், கத்தியை மயிரிழை அளவுக்கு நகர்த்தத் தெரிந்த பெரிய டாக்டருக்கே அந்த இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “எங்களால முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சோம்” என்று ஆரம்பித்து, வாயில் நுழையாத வார்த்தைகளாக அடுக்கிக்கொண்டே போவார். ஒருமுறை அப்படி அவர் ஐந்து நிமிடம் பேசி முடித்த பிறகு, எதிரில் நின்ற பெண் முகம் மலர்ந்து, “அப்போ எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம் டாக்டர்?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அதைக் காதால் கேட்ட சிஸ்டர், அடுத்த முறையிலிருந்து டாக்டரோடு தானும் வெளியே வந்தாள். கொஞ்ச நாளில் அவள் முன்னாலும் டாக்டர் பின்னாலும் என்று ஆனது.

இதையெல்லாம் அவள் வீட்டில் சொன்னதில்லை. வந்ததும் குளியல். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது ஆஸ்பத்திரி தண்ணீரோடு போயிருக்கும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். “ஏறி இறங்கியே பிழைக்கிற ஜென்மம் நான், நீயாவது ஒரே மாடியில நிக்கிற” என்பதற்கு மேல் அவரும் அவள் வேலையைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே மகள். வீட்டில் சிட்டு. பதினோராம் வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம் என்பதால் பள்ளிக்கூடத்தில் பொடிசு.

ஒரு சாயங்காலம் சிட்டு புத்தகப்பையை நாற்காலியில் எறிந்த வேகத்திலேயே வீட்டுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

“எனக்குத் தூதன் வேஷம் குடுத்துட்டாரும்மா, சாக்பீஸ் சார்.”

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் துண்டோடு திரிகிற இலக்கிய ஆசிரியர் அவர். அந்தப் பருவத்தில் அவர் நடத்திக்கொண்டிருந்தது பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம். முதலில் வரிவரியாகப் படிப்பது, பிறகு வகுப்பில் நடித்துப் பார்ப்பது, பருவ முடிவில் பள்ளிக்கூட மண்டபத்தில் மேடையேற்றுவது என்று ஏற்பாடு.

“அரசி யாரு?” என்றார் அப்பா.

“நெட்டைதான். வேற யாரு? உயரமா இருந்தா அரசி. என்னை மாதிரி இருந்தா சேதி சொல்ற ஆளு. நாடகம் முழுக்க ஒரே ஒரு தடவை வரணும்ப்பா. வந்து மூச்சு விடாம நாப்பது வரி பேசணும். பேசிட்டுப் போயிடணும். நாடகம் முடிஞ்சு எல்லாரும் வணக்கம் சொல்றப்ப கூட ஓரத்துலதான் நிக்கணும்.”

“அட, தூதன்னா லேசா? சண்டையில கூட தூதனைத் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க அரசிக்கு அந்த வசதி உண்டா, கேட்டுச் சொல்லு.”

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முறைத்தாள்.

தட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “என்ன சேதி சொல்லணும்?”

சிட்டு சொன்னாள். கடலோர நகரம் ஒன்று. பகை சூழ்ந்திருக்கிறது. துறைமுகத்தின் வாயிலுக்குக் குறுக்கே பெரிய இரும்புச் சங்கிலி கட்டி, “நான் சொல்லும்வரை இதை எவன் இறக்கினாலும் அவன் தலை போகும்” என்று அரசன் ஆணையிட்டுவிடுகிறான். புயல் நாளில், யாருடையது என்று தெரியாத ஒரு கப்பல் வந்து வழிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறது. மந்திரிகள் சொல்கிறார்கள், மக்கள் சொல்கிறார்கள், அரசன் அசையவில்லை. கப்பல் பாறையில் மோதிச் சிதறுகிறது. அதில் இருந்தது அவனுடைய சொந்த மகன். சண்டையை முடித்துவிட்டு, நல்ல சேதியோடு வீடு திரும்பியவன்.

“அதை அரண்மனைக்கு வந்து அரசிகிட்ட சொல்லணும். அதாவது, அந்தப் பையனோட அம்மாகிட்ட.”

சிஸ்டர் கையில் இருந்த தட்டு மேசைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. பிறகு அதை மெதுவாக வைத்தாள். “சரி, சாப்பிடு” என்றாள். வேஷத்தைப் பற்றி அப்புறம் வீட்டில் பேச்சே எழவில்லை.

பத்து நாள் கழித்து சிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். வியாழக்கிழமை இரண்டாவது பாடவேளைக்குப் பெற்றோர் வர வேண்டும் என்று சாக்பீஸ் சார் எழுதியிருந்தார். கீழே கோணல் எழுத்தில், ‘தாயார் வந்தால் நல்லது’ என்று ஒரு வரி.

“என்ன பண்ணினே?”

“சார்கிட்ட கொஞ்சம் வாக்குவாதம்.”

“கொஞ்சம்னா?”

“ஒரு வாரம்.”

சிஸ்டர் வியாழக்கிழமை வேலைமுறையைச் சக நர்ஸிடம் மாற்றிக்கொண்டாள். ஆபரேஷன் தியேட்டரில் இரத்தக் குழாய் வெடித்தாலும் பதறாதவள், பள்ளிக்கூடப் படியேறும்போது முந்தானையை மூன்று தடவை சரிசெய்தாள்.

சாக்பீஸ் சார் வராந்தாவிலேயே நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

“பயப்படாதீங்க மேடம், புகார் இல்ல. உங்க பொண்ணுக்கும் எனக்கும் ஒரு வாரமா விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதை. நாடகத்துல தூதன் வந்ததும் விஷயத்தைச் சொல்லமாட்டான். புயலைச் சொல்வான், அலையைச் சொல்வான், சங்கிலியைச் சொல்வான். கடைசி வரியிலதான் இறந்தது யாருன்னு வரும். அதுதான் அந்த இடத்தோட பலம். மாரடிச்சு அழுதுகிட்டே சொல்லுன்னேன். முடியாதுங்கிறா.”

“முடியாதுன்னா சொன்னா? உங்ககிட்டயா?”

“‘ஒரு அம்மாவை நாப்பது வரி காக்க வைக்கிறது பாவம் சார்’னு சொல்றா. இது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய சங்கதிம்மா, நீயும் நானும் கை வைக்க முடியாதுன்னேன். ‘அப்போ இரண்டாயிரம் வருஷமா அந்த அம்மா காத்துகிட்டிருக்காங்களா சார்?’ங்கிறா. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல மேடம்.” அவர் சிரித்தார். “அதனால இன்னைக்கு இரண்டு விதமாவும் செஞ்சு பார்க்கப் போறோம். வகுப்பே தீர்ப்பு சொல்லட்டும். நாலஞ்சு பெற்றோரையும் கூப்பிட்டிருக்கேன். தலைமையாசிரியையும் வர்றாங்க.”

புகார் இல்லை என்றதும் சிஸ்டருக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் மகள் இப்படி வாயாடியிருக்கிறாளே என்ற கூச்சத்தோடு, கடைசி பெஞ்சில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பையனின் அப்பா, வக்கீல், கோட்டை மடியில் மடித்து வைத்திருந்தார்.

வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் இடம் விட்டிருந்தார்கள். கரும்பலகையில் அரை வட்டமாக ஓர் அரங்கம் வரைந்திருந்தது. ஜன்னலோரம் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்கள்தான் கோரஸ். ஊர் மக்கள் சார்பில் நின்று, நடப்பதைப் பார்த்துப் பேசுகிற கூட்டம். “சும்மா நிக்கிறதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க சார்” என்று அதில் ஒருவன் முணுமுணுத்தது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

சார் பாடத்தைத் தொடங்கினார். “இந்த மேடையில யாரும் சாகமாட்டாங்க. சாவு எல்லாம் வெளியில நடக்கும். பார்க்கிறவங்களுக்கு அது வார்த்தையா மட்டும்தான் வந்து சேரும். அப்படின்னா அந்த வார்த்தையைச் சுமந்துகிட்டு வர்றவன் எவ்வளவு முக்கியமானவன், யோசிங்க. சரி, இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு?”

“ராஜாதான் சார். முதலைக்கும் மூர்க்கனுக்கும் கொண்டது விடாதுன்னு எங்க அம்மா சொல்வாங்க.”

“அடப்பாவி, முழு நாடகத்தையும் ஒரே வரியில முடிச்சிட்டியே. மிச்சப் பாடவேளையில நான் என்ன நடத்துறது?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்னொரு பெண் எழுந்து, ஆணை போட்டவன் அதைக் காப்பாற்றித்தானே ஆக வேண்டும், யாரோ ஒருவருடைய கப்பலுக்காகத் திறந்திருந்தால் ஊரே போயிருக்குமே என்றாள். அரசன் கெட்டவன் இல்லை, தன்னைத் தவிர யார் சொல்வதும் காதில் விழாதவன், அவ்வளவுதான் என்றான் இன்னொருவன். ‘எங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார்’ என்று சிஸ்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கிரேக்கம் என்றால் ஏதோ கண்காணாத சங்கதி என்று நினைத்து வந்தவளுக்கு, ஐந்து நிமிடத்தில் அந்த ஊர் பழகிப்போயிற்று.

முதலில் குரல் பெருத்த ஒரு பையன் தூதனாக வந்தான். ஓடி வந்தான், முழந்தாளிட்டு விழுந்தான், மார்பில் அறைந்துகொண்டான். புயல் வந்தது, அலை வந்தது, சங்கிலி கிறீச்சிட்டது. நன்றாகவே செய்தான். கடைசி வரியில் “அது உன் மகன்!” என்று அவன் கத்தியபோது நெட்டை அலறிச் சரிந்தாள். கைதட்டல் பலமாக இருந்தது. வக்கீல்கூட, “சபாஷ், பையன் தேறிடுவான்” என்றார்.

அடுத்து சிட்டு.

அவள் ஓடி வரவில்லை. வாசலில் ஒரு கணம் நின்று, மூச்சை உள்ளே இழுத்து விட்டாள். பிறகு சாதாரணமாக நடந்து வந்தாள். நெட்டை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சிட்டு சுற்றுமுற்றும் பார்த்து, ஆசிரியரின் நாற்காலியை இழுத்து வந்து போட்டாள்.

“உட்காருங்க.”

அது நாடகத்தில் இல்லாத வார்த்தை. நெட்டை திகைத்துப்போய் உட்கார்ந்தாள். சிட்டு அவள் எதிரே ஒரு முக்காலியில், கண்ணுக்குக் கண் நேராக இருக்கும்படி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தாள். அரசியின் மகன் பெயரைச் சொல்லி, “நீங்கதானே அவரோட அம்மா?” என்றாள்.

நெட்டை தலையசைத்தாள்.

“உங்க மகன் இறந்துட்டார்.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, நடுங்கவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

வெளியே மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கும் சத்தம் வந்தது. அலற வேண்டிய நெட்டைக்கு அலறல் வரவில்லை. அவள் உதடு கோணியது. புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தை, தானாக, அரசியுடையதும் இல்லாத, பள்ளிப் பெண்ணுடையதும் இல்லாத ஒரு குரலில் வந்தது:

“எப்படி?”

அதற்குப் பிறகுதான் சிட்டு அந்த நாற்பது வரியைத் தொடங்கினாள். புயல், அலை, சங்கிலி. ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் சற்றுமுன் கதையை இழுத்தடித்த அதே வரிகள், இப்போது ஒரு தாய் கேட்டதற்குப் பதிலாகிவிட்டன. அவன் கப்பலின் முன்பக்கம் நின்றான் என்ற வரி வந்தபோது நெட்டை ஒரு விரலால் கண்ணைத் துடைத்தாள். அவன் கரையைப் பார்த்துக் கையசைத்தான் என்ற வரியில், மார்பில் அறைந்துகொண்ட பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசி பெஞ்சில் சிஸ்டர் அசையாமல் இருந்தாள்.

வாசலில் நின்று மூச்சு விடுவது அவள் செய்வது. நாற்காலி இழுத்துப் போடுவது அவள் செய்வது. யாருடைய அம்மா, யாருடைய மனைவி என்று உறுதி செய்துகொள்வது, கையைக் காகிதம் ஏதும் இல்லாமல் விரித்து வைப்பது, ‘போயிட்டார்’, ‘நம்மை விட்டுப் பிரிஞ்சிட்டார்’ என்று சுற்றி வளைக்காமல் அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்வது, சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது, எல்லாம் அவள் செய்வது. யாருக்கும் அவள் கற்றுக்கொடுத்ததில்லை. இது கற்றுக்கொடுக்கிற விஷயம் என்றுகூட அவள் நினைத்ததில்லை.

அப்புறம்தான் பொறி தட்டியது. சிட்டு இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தியேட்டருக்கு வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். குழந்தை கணக்குப் போடுகிறது என்றுதான் அம்மா நான்கு வருடமும் நினைத்திருந்தாள்.

நாற்பது வரியும் முடிந்தது. சிட்டு எழுந்தாள், தலை வணங்கினாள், வெளியே போனாள். யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வக்கீல்தான் முதலில் தொண்டையைச் செருமினார். “எனக்கு ஒரு சந்தேகம். முடிவை முதல்லயே சொல்லிட்டா, பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம்?”

“அங்கிள், நீங்க நடுவுல எழுந்து போகலையே” என்றாள் நெட்டை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வகுப்பு சிரித்தது. வக்கீலும் சிரித்து, “வழக்கு தள்ளுபடி” என்றார்.

தலைமையாசிரியை சிட்டுவை உள்ளே கூப்பிட்டார். “இதை எங்கம்மா கத்துக்கிட்டே? யூடியூபா?”

சிட்டு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “எங்க அம்மா ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், மேடம். அவங்க வேலை இது. இதை அவங்களை மாதிரி யாரும் செய்ய முடியாது.”

நாற்பது தலையும் திரும்பின. சிஸ்டருக்கு முகம் சூடாகியது. பாராட்டு விழாவில் டாக்டர்களுக்குச் சால்வை போடும்போது பின்னால் தட்டு ஏந்தி நின்றே பழகியவள். இப்போது தட்டும் இல்லை, ஒளிந்துகொள்ளத் திரையும் இல்லை.

“அப்போ நீங்க சொல்லுங்க சிஸ்டர்” என்றார் சாக்பீஸ் சார், ‘மேடம்’ என்பதை எப்போது விட்டார் என்று தனக்கே தெரியாமல். “சரியா செஞ்சாளா?”

சிஸ்டர் எழுந்தாள். நல்லா செஞ்சா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குத் தாட்சண்யம் கிடையாது.

“எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பு. எழுந்து போயிட்டா. அப்படிப் போகக் கூடாது. அவங்க பக்கத்துல வேற யாராவது வந்து உட்கார்ற வரைக்கும் நாம எழுந்திருக்கக் கூடாது. தனியா விட்டுட்டு வரக் கூடாது.”

“ஆனா இங்க தூதன் போயாகணுமே, சிஸ்டர். அடுத்து அரசன் வரணும்.”

“போகட்டும். யாராவது வந்து உட்கார்ந்த அப்புறம் போகட்டும்.”

“யாரு வருவாங்க? மேடையில வேற யாருமே—” சார் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

“நாங்க இருக்கோமே சார்!” என்றான், சற்றுமுன் முணுமுணுத்தவன்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கோரஸ் எப்போது நகர வேண்டும், எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், தரையில் உட்காருவதா முழந்தாளிடுவதா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். “ஊர்க்காரங்க வாயால சொன்னதோட நின்னுட்டாங்க, சங்கிலியை யாரும் இறக்கலைன்னுதானே கப்பல் போச்சு, அந்தக் குற்ற உணர்ச்சியோட மெதுவா வரணும்” என்றான் ஒருவன். சார் கரும்பலகையில் போட்ட அரை வட்டத்தில் அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. மார்பில் அறைந்துகொண்ட பையன் மட்டும் சிஸ்டரிடம் வந்து, மெல்லக் கேட்டான்:

“ஆன்ட்டி, நீங்க அழவே மாட்டீங்களா?”

“அழுவேன்ப்பா. அவங்க முன்னாடி இல்ல. அது அவங்க அழற நேரம். அதுல நான் பங்கு கேட்கக் கூடாது.”

பேருந்து நிறுத்தம்வரை வழியனுப்ப சிட்டு கூடவே வந்தாள்.

“அந்த பெஞ்சுல உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தியா நீ?” என்றாள் அம்மா கடைசியில். “சின்னக் குழந்தை. பயமா இல்லையா?”

“முதல்ல இருந்துச்சு. அப்புறம் இல்ல. நீ வெளியே வந்தா, அழறவங்க உன் கையைத்தான் பிடிச்சுக்குவாங்க. அந்த டாக்டர் அவ்வளவு உயரமா பக்கத்துலயே நிப்பாரு. அவர் கையை யாரும் பிடிக்கமாட்டாங்க.” சிட்டு பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எங்க அம்மாதான் இங்க பெரியவங்கன்னு நினைச்சுக்குவேன்.”

சிஸ்டர் மகளின் தலையில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். அன்றைக்கு மதியம் தியேட்டருக்குள் அவள் நடந்து வந்த நடையைப் பார்த்து, “என்ன சிஸ்டர், லாட்டரி ஏதாவது விழுந்துச்சா?” என்று மயக்கமருந்து டாக்டர் கேட்டாராம். “ஆமா டாக்டர், பதினாறு வருஷம் முன்னாடியே விழுந்திருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றாளாம் இவள்.

பருவ முடிவில் மண்டபம் நிரம்பியிருந்தது. கணவர் வேலை உடுப்போடு நேராக வந்து, மூன்றாவது வரிசையில் சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று சிட்டு நாற்காலி இழுத்துப் போட்டபோதும், அந்த ஒற்றை வரியைச் சொன்னபோதும், முந்நூறு பேர் இருந்த மண்டபம் ஆள் இல்லாததுபோல் இருந்தது. நாற்பது வரி முடிந்தது. சிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு ஓரத்திலிருந்தும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், தலை நிமிராமல், ஒவ்வொருவராக நடந்து வந்து அரசியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் தூதன் எழுந்து, பின்னோக்கி நடந்து, இருட்டுக்குள் போனான்.

லிஃப்ட் மெக்கானிக் கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாதவரின் முழங்கையைத் தட்டினார்.

“சார், அந்தத் தூதன் என் பொண்ணு. எல்லாம் இவ சொல்லிக் குடுத்தது.”

“நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலைங்க” என்றாள் சிஸ்டர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவளே பார்த்துக் கத்துக்கிட்டா.”